வயலில் நழுவும் தழைச்சத்து. கடலில் குறையும் பிராணவாயு

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இரண்டு மூன்று நாட்கள் வானம் மூட்டமாக இருந்தபின் விடியற்காலையில் ஏரிக்கரைக்குச் சென்றால், சில சமயம் மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து மூடிக் கொண்டிருப்பதைக் காணலாம். வெயில் ஏறியதும் அவை மறைந்துவிடும். சில நாட்களில் மறையாமல் செத்து மிதக்கும். கண்டாச்சிபுரம் வட்டாரத்தில் ஏரி மீனைக் குத்தகை எடுத்தவர்களும், பண்ணைக் குட்டையில் மீன் வளர்ப்பவர்களும் இதை நன்கு அறிவார்கள். பலர் இதை நோய் என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலான சமயங்களில் இது நோயன்று. நீரில் கரைந்திருக்கும் பிராணவாயு (ஆக்சிஜன்) குறைந்து போனதால் ஏற்படும் மூச்சுத் திணறலே இது.

இதே குறைபாடு இன்று உலகக் கடல்களிலும் ஏற்பட்டு வருகிறது. 1960ஆம் ஆண்டுக்குப் பின் உலகக் கடல்கள் தம்மிடம் இருந்த பிராணவாயுவில் சுமார் 2 சதவிகிதத்தை இழந்துவிட்டன என்று ஜெர்மனி நாட்டு விஞ்ஞானிகள் 2017இல் வெளியிட்ட ஆய்வு தெரிவிக்கிறது. கேட்பதற்குச் சிறிய அளவாகத் தோன்றினாலும், இந்த இழப்பு எல்லா இடத்திலும் சமமாக இல்லை. சில இடங்களில் மீன் வாழவே முடியாத நிலை உண்டாகியிருக்கிறது.

கடலில் நடப்பதற்கும் கண்டாச்சிபுரத்துக் கழனிக்கும் என்ன சம்பந்தம் என்று விவசாயிகள் கேட்கலாம். வயலில் இடும் யூரியாவில் பயிர் எடுத்துக் கொள்ளாத பகுதி எங்கே போகிறது என்று பார்த்தால் அந்தச் சம்பந்தம் விளங்கும்.

நீரில் பிராணவாயு எவ்வளவு?

ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லி கிராம் பிராணவாயு இருக்கிறது. ஆனால் ஒரு லிட்டர் ஏரி நீரில் 30 டிகிரி வெப்பநிலையில் காற்றிலிருந்து கரையக் கூடியது ஏழரை மில்லி கிராம் மட்டுமே. கடல் நீரில் உப்பு இருப்பதால் இன்னும் குறைவாக, சுமார் 6 மில்லி கிராம்தான் கரையும். எனவே நீரில் வாழும் உயிர்கள் எப்போதும் சொற்பக் கையிருப்பை வைத்தே காலம் தள்ளுகின்றன.

நீர் சூடாக ஆக, அதில் பிராணவாயு தங்கும் அளவும் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் 9 மில்லி கிராம் வரை கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். உலகம் வெப்பமடைவதால் கடல் பிராணவாயுவை இழப்பதற்கு இது முதல் காரணம். மேல்நீர் சூடாகி இலேசாகிவிடுவதால் அது அடிநீரோடு கலப்பதும் குறைகிறது. காற்றிலிருந்து மேல்நீர் பெறும் பிராணவாயு ஆழத்துக்குப் போய்ச் சேருவதில்லை. இது இரண்டாவது காரணம்.

கெண்டை வகை மீன்கள் நன்கு வளர லிட்டருக்கு 5 மில்லி கிராம் பிராணவாயு தேவை. மூன்றுக்குக் கீழே போனால் தீனி எடுக்காமல் சோர்ந்துவிடும். கடலில் இரண்டு மில்லி கிராமுக்குக் கீழே போன பகுதியைப் பிராணவாயு வறட்சிப் பகுதி என்று விஞ்ஞானிகள் குறிப்பிடுகிறார்கள். நீந்தக் கூடிய மீன்கள் அங்கிருந்து ஓடிவிடும். நண்டு, சிப்பி, புழு போன்று ஓட முடியாதவை மடிந்துவிடும்.

பாசி செய்யும் வேலை

நீரில் உள்ள பாசி பகலில் வெயிலைக் கொண்டு பிராணவாயுவை வெளியிடுகிறது. இரவில் அதே பாசி மீனைப் போலவே பிராணவாயுவை எடுத்துக் கொள்கிறது. அளவான பாசி மீனுக்கு நல்லது. ஆனால் வயல் நீர் வழியாகத் தழைச்சத்தும் மணிச்சத்தும் ஏரியில் சேரும்போது பாசி அளவுக்கு மீறிப் பெருகி நீர் பச்சைக் கரைசலாகிறது. மூட்டமான நாட்களில் வெயில் போதாமல் அந்தப் பாசி மடிந்து அடியில் படிகிறது. அதை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் பிராணவாயுவையும் தீர்த்துவிடுகின்றன. விடியற்காலையில் கையிருப்பு மிகக் குறைவாக இருக்கும். மீன் மேலே வருவது அந்த நேரத்தில்தான்.

கடலோரங்களிலும் இதுவே பெரிய அளவில் நடக்கிறது. உலகக் கடலோரங்களில் 500க்கு மேற்பட்ட இடங்களில் இத்தகைய பிராணவாயு வறட்சி பதிவாகியுள்ளதாக 2018இல் வெளியான சர்வதேச ஆய்வு கூறுகிறது. இவற்றில் 1950க்கு முன் அறியப்பட்டிருந்தவை பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. அமெரிக்காவில் மிசிசிப்பி ஆறு மக்காச்சோள வயல்களின் உரச்சத்தைக் கொண்டு வந்து மெக்சிகோ வளைகுடாவில் கொட்டுகிறது. அங்கு ஆண்டுதோறும் கோடையில் அளவெடுக்கிறார்கள். 2017இல் பிராணவாயு வறண்ட பரப்பு சுமார் 22,700 சதுர கிலோ மீட்டராக இருந்தது. இது இன்றைய விழுப்புரம் மாவட்டத்தைப் போல் ஏறக்குறைய ஆறு மடங்காகும்.

சேற்று வயலில் நடப்பதும் இதுவே

பிராணவாயு தீர்ந்தபின் என்ன நடக்கும் என்பதை நெல் விவசாயிகளுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. வயலில் நீர் கட்டிய ஓரிரு நாட்களிலேயே சேற்றில் உள்ள பிராணவாயு தீர்ந்துவிடும். அதன்பின் நுண்ணுயிர்கள் மூச்சு விடுவதற்கு நைட்ரேட் வடிவில் உள்ள தழைச்சத்தைப் பயன்படுத்துகின்றன. அப்போது அந்தத் தழைச்சத்து வாயுவாக மாறிக் காற்றில் போய்விடுகிறது. நைட்ரேட்டும் தீர்ந்தபின் கந்தகச் சத்தைப் பிடித்துக் கொள்கின்றன. வடிகால் இல்லாத வயலில் சேற்றைக் கிளறினால் அழுகிய முட்டை நாற்றம் அடிப்பதும், நெல்லின் வேர் கறுத்துப் போவதும் இதனால்தான். நெற்பயிர் தண்டின் உள்ளே உள்ள காற்றறைகள் வழியாக வேருக்குப் பிராணவாயுவை இறக்கிக் கொள்வதால் பிழைக்கிறது. மீனுக்கு அந்த வசதி இல்லை.

கடலில் பிராணவாயு தீர்ந்த நீரிலும் இதே வகை நுண்ணுயிர்கள் இதே வேலையைச் செய்கின்றன. அங்கும் தழைச்சத்து வாயுவாகிறது. அதில் ஒரு பகுதி நைட்ரஸ் ஆக்சைடு என்னும் வாயு. பூமியைச் சூடாக்குவதில் இது கரியமில வாயுவைப் போல் சுமார் 270 மடங்கு வலிமை கொண்டது. கடல் சூடானால் பிராணவாயு மேலும் குறையும். இப்படி ஒன்று மற்றொன்றை வளர்க்கிறது.

நமது இரு கடல்கள்

இந்தியாவுக்கு மேற்கே உள்ள அரபிக் கடலில் தென்மேற்குப் பருவக் காற்றின்போது ஆழத்து நீர் கரையை நோக்கி மேலேறுகிறது. இந்த நீரில் இயற்கையாகவே பிராணவாயு குறைவு. கோவாவில் உள்ள தேசிய கடலியல் நிறுவனத்தின் விஞ்ஞானி நக்வியும் அவருடைய குழுவினரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவின் மேற்குக் கடலோரத்தில் சுமார் 1,80,000 சதுர கிலோ மீட்டர் பரப்பில் இந்த வறட்சி உண்டாவதையும், அது தீவிரமாகியிருப்பதையும் எடுத்துக் காட்டினர். செப்டம்பர், அக்டோபரில் சில இடங்களில் அடிநீரில் அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவே உண்டாகிறது. நிலத்திலிருந்து வரும் உரச்சத்தும் இந்தத் தீவிரத்துக்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் கருதினர்.

வங்கக் கடலின் நிலை சற்று வேறு. கங்கை, பிரம்மபுத்திரா, மகாநதி, கோதாவரி முதலிய ஆறுகள் கொட்டும் நன்னீர், உப்பு நீரைவிட இலேசானதால், மேலே மூடி போட்டது போல் பரவி நிற்கிறது. கீழ்நீருக்குக் காற்று எட்டுவதில்லை. சுமார் 100 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பல நூறு மீட்டர் வரை பிராணவாயு மிகக் குறைந்த அடுக்கு ஒன்று இருக்கிறது. இந்திய விஞ்ஞானிகளும் பங்கு கொண்ட ஆய்வு ஒன்று 2017இல் வெளியாயிற்று. இந்த அடுக்கில் மிகச் சொற்பமான பிராணவாயு இன்னும் மிஞ்சியிருப்பதாகவும், அதுவும் தீர்ந்தால் அரபிக் கடலில் நடப்பதைப் போன்று பெருமளவில் தழைச்சத்து வாயுவாகும் நிலை இங்கும் வரக் கூடும் என்றும் அந்த ஆய்வு எச்சரிக்கிறது. ஆகவே வங்கக் கடலில் புதிதாக வந்து சேரும் உரச்சத்து ஒவ்வொன்றும் கவலைக்குரியது.

இராமநாதபுரம் மாவட்டக் கடலோரத்தில் 2008 அக்டோபரிலும், 2019 செப்டம்பரிலும் மன்னார் வளைகுடா நீர் பச்சை நிறமாகி மீன்கள் செத்துக் கரை ஒதுங்கின. நாக்டிலூகா என்னும் நுண்ணுயிர் பெருகி, பின் மடிந்து, நீரின் பிராணவாயுவைத் தீர்த்ததே இதற்குக் காரணம். கடலோர மீனவர்களுக்கு ஏற்படும் இழப்பு எப்படி இருக்கும் என்பதற்கு இது ஓர் உதாரணம்.

தென்பெண்ணை வழியே

கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, கிருஷ்ணகிரி, சாத்தனூர் அணைகளைக் கடந்து, திருக்கோவிலூருக்கும் அரகண்டநல்லூருக்கும் இடையே ஓடி, கடலூர் அருகே வங்கக் கடலில் கலக்கிறது. ஏரி கோடி போகும்போது வழியும் நீரும் ஓடை வழியாக ஆற்றையும், ஆறு வழியாகக் கடலையும் அடைகிறது. வரப்பு உடைத்து ஓடும் வயல் நீரோடு கரைந்த உரமும் போகிறது.

2024 நவம்பர் 30ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது மயிலத்தில் சுமார் 50 சென்டி மீட்டர் மழை பெய்தது. டிசம்பர் 2ஆம் தேதி அதிகாலை சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் திறந்துவிடப்பட்டது. தென்பெண்ணைக் கரையோர ஊர்களில் பயிரும் மண்ணும் உரமும் சேர்ந்தே வெள்ளத்தில் போயின. அத்தகைய வெள்ளத்தை எந்த விவசாயியாலும் தடுக்க இயலாது. ஆனால் ஆண்டுதோறும் பெய்யும் சாதாரண மழையில் போவதைத் தடுக்க முடியும்.

கண்டாச்சிபுரம் வட்டாரத்திலிருந்து போகும் உரச்சத்து வங்கக் கடலின் கணக்கில் மிகச் சிறியதே. ஆனால் விவசாயியின் வரவு செலவுக் கணக்கில் அது சிறியதன்று. நெல் வயலில் இடும் தழைச்சத்தில் பயிர் எடுத்துக் கொள்வது பொதுவாக 30 முதல் 40 சதவிகிதமே. மூன்று மூட்டை யூரியா போட்டால் ஏறக்குறைய ஒரு மூட்டைதான் அந்தப் பயிருக்குப் போகிறது. மிச்சத்தில் ஒரு பகுதி மண்ணில் தங்குகிறது. மற்றது காற்றிலும் ஓடையிலும் கிணற்றிலும் சேருகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லி கிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர அளவு. உரம் இறங்கிய கிணற்று நீர் இந்த அளவைத் தாண்டினால் கைக்குழந்தைகளுக்கு ஆபத்து. எனவே கடலைக் காக்கும் முறைகளே கிணற்றையும் கைப்பணத்தையும் காக்கும் முறைகளாகும்.

கடைப்பிடிக்க வேண்டிய முறைகள்

1. மழை பார்த்து உரம்: சம்பா நெல்லுக்கு மேலுரம் இடும் காலமும் வடகிழக்குப் பருவமழைக் காலமும் ஒன்றாகவே வருகின்றன. அடுத்த இரண்டு நாட்களில் கனமழை என்று வானிலை அறிவிப்பு இருந்தால் யூரியா இடுவதைத் தள்ளிப் போட வேண்டும். இரண்டு நாள் தாமதத்தால் பயிருக்குக் கெடுதல் இல்லை. மழையில் கரைந்து போன யூரியா திரும்பி வராது.

2. மடையை அடைத்தல்: வயல் நீரை வடித்து, சேறு தெரியும்படி ஈரம் மட்டும் இருக்கும்போது யூரியாவைத் தூவி, பின் அளவாக நீர் கட்டலாம். குறைந்தது மூன்று நாட்களுக்கு நீர் வெளியேறக் கூடாது. வயலுக்கு வயல் நீர் பாயும் இடங்களில் மேல் வயல்காரரும் கீழ் வயல்காரரும் பேசி வைத்துக் கொண்டு ஒரே சமயத்தில் உரமிடுவது நல்லது. வரப்பில் நண்டு வளைகளையும் எலி வளைகளையும் முன்னதாகவே அடைத்துவிட வேண்டும்.

3. இலை வண்ண அட்டை: நடவு செய்த 14ஆம் நாள் முதல் பூக்கும் தருணம் வரை, 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை, காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே, பத்துச் செடிகளில் முழுவதும் விரிந்த இளம் இலையை அட்டையுடன் ஒப்பிட வேண்டும். அட்டையின் மேல் வெயில் படாமல் உடம்பின் நிழலில் வைத்துப் பார்க்க வேண்டும். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற இரகங்களுக்கு 4 என்பது அளவு. பத்தில் ஆறு இலைகளோ அதற்கு மேலோ இந்த அளவுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் சம்பாவில் ஏக்கருக்கு 26 கிலோ யூரியா இட்டால் போதும். பச்சை சரியாக இருந்தால் அந்த முறை யூரியா தேவையில்லை. அளவுக்கு மீறிக் கரும்பச்சையான பயிரில் புகையானும் இலைச்சுருட்டுப் புழுவும் அதிகம் தாக்கும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

4. வேப்பம் புண்ணாக்குக் கலவை: 25 கிலோ யூரியாவுடன் 20 கிலோ ஜிப்சம், 5 கிலோ பொடித்த வேப்பம் புண்ணாக்கு கலந்து ஓர் இரவு வைத்திருந்து மறுநாள் இடலாம். தழைச்சத்து மெதுவாகக் கரைந்து பயிருக்கு நின்று கிடைக்கும்.

5. காய்ச்சலும் பாய்ச்சலும்: நெல்லுக்கு எந்நேரமும் நீர் தேங்கி நிற்க வேண்டியதில்லை. துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் பதித்து, அதில் நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டி மீட்டர் இறங்கியபின் நீர் பாய்ச்சலாம். வேருக்குக் காற்று கிடைக்கும். கிணற்று நீர் மிச்சமாகும். பூக்கும் சமயத்தில் மட்டும் வயல் காயாமல் பார்த்துக் கொள்ள வேண்டும். உரமிடும் நாட்களை இந்த முறையோடு பொருத்திக் கொண்டால் நீர் வடியும்போது உரம் போவது குறையும்.

6. தக்கைப்பூண்டு: ஏக்கருக்கு 20 கிலோ விதைத்து 45 முதல் 50 நாட்களில், பூக்கும் தருணத்தில் மடக்கி உழுதால் தழைச்சத்தின் ஒரு பகுதி மண்ணிலேயே கிடைத்துவிடும். அந்த அளவுக்கு யூரியாவைக் குறைத்துக் கொள்ளலாம்.

7. கரும்பும் மணிலாவும்: கரும்புக்குத் தழைச்சத்தை ஒரே தவணையில் கொட்டாமல் 30, 60, 90ஆம் நாட்களில் பிரித்து, வரிசையை ஒட்டி இட்டு மண்ணால் மூட வேண்டும். மணிலாப் பயிரின் வேர் முடிச்சுகளே காற்றிலிருந்து தழைச்சத்தை எடுத்துத் தருகின்றன. விதையை ரைசோபியம் கலந்து விதைத்தால் யூரியாவின் தேவை மிகவும் குறையும். அதிகம் இட்டால் கொடி மட்டும் மண்டும்.

8. குப்பைக் குழி: ஏரியின் வரத்து வாய்க்காலை ஒட்டிக் குப்பை கொட்டக் கூடாது. மழையில் எருவின் சத்து கரைந்து முதலில் ஏரிக்கே போகும். குழியை மேட்டில் வைத்து, மேலே மண் மூடினால் எருவும் வலுவாக இருக்கும்.

குட்டையில் மீன் வளர்ப்போருக்கு

மூட்டமான நாட்களில் தீனியையும் சாணம் இடுவதையும் நிறுத்திவிட வேண்டும். விடியற்காலையில் மீன் மேலே வந்தால் உடனே கிணற்று நீரை உயரத்திலிருந்து சிதறி விழும்படி இறைத்துவிட வேண்டும். இயந்திரம் இல்லாத இடத்தில் மூங்கில் கழியால் நீரை அடித்துக் கலக்கலாம். அடிச்சேற்றைக் கிளறக் கூடாது. கைத்தட்டு ஒன்றை முழங்கை ஆழம் வரை நீரில் அமிழ்த்திப் பார்த்து, அதற்குள்ளேயே தட்டு மறைந்துவிடுமானால் பாசி மிகுந்துவிட்டது என்று கொண்டு முன்னெச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

குறைத்தால் மீளுமா?

மீளும் என்பதற்குச் சான்று உண்டு. கருங்கடலின் வடமேற்குப் பகுதியில் டான்யூப் ஆறு கொண்டு வந்த உரச்சத்தால் 1970களிலும் 1980களிலும் பரந்த கடலடி பிராணவாயு இன்றிப் போயிற்று. சோவியத் ஆட்சி சரிந்தபின் அப்பகுதி நாடுகளில் உரப் பயன்பாடு வெகுவாகக் குறைந்தது. 1990களின் நடுவிலேயே அந்த வறண்ட பரப்பு பெருமளவு சுருங்கிவிட்டது. ஆனால் அங்கு விவசாயமும் நலிந்தது. உரத்தை அடியோடு விடுவது இதிலிருந்து பெற வேண்டிய பாடம் அன்று.

டென்மார்க் நாடு வேறு வழியில் சென்றது. 1980களின் நடுவிலிருந்து உரமிடும் அளவு, காலம், எருவைச் சேமிக்கும் முறை ஆகியவற்றைச் சீர்ப்படுத்தி, விளைச்சலைப் பெரிதும் இழக்காமலேயே, கடலுக்குப் போகும் தழைச்சத்தை ஏறக்குறையப் பாதியாகக் குறைத்தது. கடல் வெப்பம் கூடி வருவதால் அங்கும் தொல்லை முழுவதும் நீங்கவில்லை. ஆயினும் வயலில் செய்யும் திருத்தம் கடல் வரை பலன் தரும் என்பது தெளிவாயிற்று.

கடல் சூடாவதைத் தனி ஒரு விவசாயி தடுக்க முடியாது. தன் மடை வழியாக யூரியா ஓடாமல் தடுப்பது அவர் கையில் இருக்கிறது. இந்தப் பட்டத்தில் ஒரு மேலுரத்தையாவது இலை வண்ண அட்டையைப் பார்த்து, மழை அறிவிப்பைக் கேட்டு இட்டுப் பார்க்கலாம். பக்கத்து வயலோடு ஒப்பிட்டால் பயிரே பதில் சொல்லும். மண் பரிசோதனைக்கும், இலை வண்ண அட்டை, பசுந்தாள் விதை, ரைசோபியம் ஆகியவை பற்றிய விவரங்களுக்கும் தங்கள் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தையோ, திண்டிவனம் வேளாண் அறிவியல் நிலையத்தையோ அணுகலாம்.